வாளியில் வைத்த பூ

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் ஆராய்ச்சியாளர் அவர்களுக்கு, என் மனைவி சொல்கிறபடி சொன்னால் கேள்வி கேட்கிற தங்கச்சிக்கு,

மூன்றாவது மாடியில் லிஃப்டுக்கு எதிர்வீட்டுக்காரன் எழுதிக்கொண்டது. எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் ஆசை. உள்ளதைச் சொன்னால், இங்கே மூன்று பேர் நலம், ஒருத்தி நலமில்லை, ஒரு சுவர் படுமோசம். நீங்களும் உங்கள் கலர் கலர் ஒட்டுத்தாள்களும் சுகமாக இருக்க வேண்டும். போன தடவை நீங்கள் வந்தபோது உங்கள் போன் கண்ணாடி விரிசல் விட்டிருந்ததாம். மாற்றியாயிற்றா என்று என் மனைவி கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை உங்கள் ஆபீசில் கூட்டம், உங்கள் கம்பெனி வாடகைக்கு விட்டிருக்கிற வீடுகளில் இந்தச் சுற்றில் எவற்றைப் பழுது பார்ப்பது என்று அதில்தான் முடிவாகும் என்று போனில் சொன்னீர்கள். "நான் சொன்னா எடுபடாதுண்ணா, உங்க வார்த்தையிலயே எழுதிக் குடுங்க, நான் அங்க வாசிச்சுக் காட்டறேன்" என்றும் சொன்னீர்கள். அதனால் எழுதுகிறேன். என் வார்த்தையில் என்று சொன்னதால் கொஞ்சம் நீளும். கூட்டத்தில் இருப்பவர்களுக்கு அவசரமாக இருந்தால் டீ குடிக்கிற நேரத்தில் வாசியுங்கள். டீக்கு மட்டும் எந்த ஆபீசிலும் நேரம் குறைவதில்லை.

விஷயம் சின்னது. என் மகள் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும். அவள் படுக்கிற அறையின் சுவருக்குள்தான் மேல்வீட்டுக் குளியலறைக் குழாய் இறங்குகிறது. அது உள்ளே எங்கேயோ கசிகிறது. முதலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை வந்தது, பிறகு அது ஆள் உயரம் ஆனது, பிறகு கறுப்பாகப் பூசணம் பிடித்தது, பிறகு மேல்கூரையிலிருந்தே சொட்ட ஆரம்பித்தது. பிள்ளைக்கு இருமல் வந்தது, இருமல் இழுப்பானது. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, பேனாவை மூடும்போது, இந்தப் பிள்ளை ஈரத்தில் படுக்கக் கூடாது என்றார். மருந்து கடையில் கிடைத்தது. காய்ந்த சுவர் எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவர் எழுதவில்லை. அதனால் ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற என் அக்கா வீட்டில் அவளைக் கொண்டுபோய் விட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை போகும்போதெல்லாம் கதவைத் திறந்ததும் "சுவர் காஞ்சிருச்சாப்பா?" என்று கேட்பாள். போன வாரம் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உங்கள் கேள்வித்தாளில் ஒரு கட்டம் இருந்தது. "சேவைத்துறை" என்று நீங்களே டிக் அடித்துக்கொண்டீர்கள். அதை விரித்துச் சொல்கிறேன். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற சலவைக்கூடத்தில் உலர்த்துகிற மிஷின் என் பொறுப்பு. ஈரத்தைப் போக்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம். யாரோ ஒருவர் ஒரே ஒரு ராத்திரி படுத்துவிட்டுப் போவதற்காக விரிப்பு மொறமொறவென்று காய்ந்திருக்க வேண்டும், ஓரத்தில் லேசாக ஈரம் இருந்தாலும் சூப்பர்வைசர் என் முகத்துக்கு நேரே நீட்டுவார். அப்படி நாள் முழுவதும் மலை மலையாக ஊரார் துணியைக் காயவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், என் பிள்ளையின் தலையணை பிழிந்தால் சொட்டும் போல இருக்கும். இதற்கு யார் முகத்துக்கு நேரே நான் எதை நீட்டுவது?

உங்கள் கம்பெனியின் ஆப்பில்தான் நீட்ட வேண்டும் என்றார்கள். முன்பெல்லாம் கீழே வாசலில் ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். திட்டுவார், ஆனால் வருவார். அவரை எடுத்துவிட்டு ஆப் போட்டீர்கள். அதில் புகார் என்று அழுத்தினால் விளக்கு, லிஃப்ட், சத்தம், பக்கத்து வீடு, மற்றவை என்று ஐந்து வழி. சுவர் என்று எதுவும் இல்லை. மற்றவை என்பதை அழுத்தினால் ஒரு மஞ்சள் முகம் வந்து சிரிக்கும், அவ்வளவுதான், அதற்குமேல் அந்த வழி போகாது. சொட்டுகிற சத்தமும் சத்தம்தானே என்று எங்களோடு இருக்கிற என் மச்சான், என் மனைவியின் தம்பி, யோசனை சொன்னான். அழுத்தினேன். அடடா, மறுநாளே ஆள் வந்துவிட்டார். கழுத்தில் அட்டை, கையில் சத்தத்தை அளக்கிற கருவி. வாளிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, எங்களை எல்லாம் மூச்சு விடாமல் நிற்கச் சொல்லி, சொட்டுகிற சத்தத்தை அளந்து பார்த்துவிட்டு, அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றார். ஐயா, தண்ணீர் ஒழுகுகிறதே என்றேன். அது தனக்கும் கேட்கிறது என்றார். கேட்கிறது என்று தாளில் எழுதிக்கூடக் கொடுத்தார். நான் விடாமல் தினமும் ஆப்பில் புகார் போட்டேன். மாதக் கடைசியில் ஆப் எனக்கு ஒரு பதக்கம் கொடுத்தது. "மிக ஆர்வமான உறுப்பினர்" என்று திரை முழுவதும் நட்சத்திரம் கொட்டியது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் வாங்காததை எல்லாம் இப்போது வாங்குகிறீர்கள் என்றாள்.

அப்புறம்தான் நீங்கள் வந்தீர்கள். எங்கள் அனுபவத்தைக் கேட்க ஒருவர் நேரில் வருவார் என்று செய்தி வந்தது. அனுபவம் என்று போட்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை, நேரில் என்று போட்டிருந்ததை மட்டும் பார்த்தோம். கொத்தனாரோ குழாய்க்காரரோ, கூட ஒரு அதிகாரியோ வருவதாக நினைத்துக்கொண்டோம். நான் வேலைக்குப் போய்விட்டேன். இனி நடந்ததை நீங்கள் பார்த்திருக்க முடியாது, ஏனென்றால் நீங்கள் வருவதற்கு முன்னால் நடந்தது. என் மனைவி காலையிலேயே பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுவரைத் தேய்த்திருக்கிறாள். போகாத கறைக்கு முன்னால் அலமாரியை நகர்த்தியிருக்கிறாள். அதற்கும் மேலே தெரிந்த கறையில் ஒரு மலைப்படம் போட்ட காலண்டரை மாட்டியிருக்கிறாள். வாளியைக் குளியலறைக்குக் கொண்டுபோய்விட்டாள். மகள் படுக்கையில் நல்ல விரிப்பை விரித்து, அறை முழுக்க வாசனை ஸ்பிரே அடித்து, கதவைத் திறந்து வைத்துவிட்டு, தலை சீவிக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். அவளுக்கு இது வேஷம் என்று தோன்றவே இல்லை. வீட்டுக்கு ஆள் வருகிறது, வீட்டைச் சுத்தம் செய்கிறோம், அவ்வளவுதான்.

நீங்கள் வந்தது மதியம். உங்கள் ஆபீஸ் விதிப்படி நீங்கள் மதியத்தில்தான் வீடுகளுக்குப் போகலாமாம். மேல்வீட்டுக்காரர், ஜிம்மில் வேலை பார்க்கிற ஜிம்காரர், குளிப்பதோ விடியற்காலையிலும் பொழுது சாய்ந்தும்தான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒருநாள் எங்கள் அறையை வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு, "வேணும்னா நான் குளிக்காம இருந்துடறேன் அண்ணே" என்றார். இப்போது முடிந்த மட்டும் ஜிம்மிலேயே குளித்துவிட்டு வருகிறார். கம்பெனி செய்யாததை ஒரு மனுஷன் தன் குளியலைக் குறைத்துக்கொண்டு செய்கிறார். ஆனால் மதியத்தில் எங்கள் வீடு சொட்டாது. நீங்கள் கேட்டீர்கள், என் மனைவி எல்லாவற்றுக்கும் பரவாயில்லை என்றாள். சிரமமாக இருக்கிறதா என்றீர்கள், பரவாயில்லை. எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்றீர்கள், பழகிவிட்டது. இந்த அறையை யார் பயன்படுத்துகிறார்கள் என்றீர்கள். இப்போது யாரும் இல்லை என்றாள். பிள்ளையை ஏன் அனுப்பினோம் என்று சொன்னால் அழுகை வரும், முதல் தடவை பார்க்கிற பெண் முன்னால் எப்படி அழுவது என்று சொல்லாமல் விட்டுவிட்டாளாம். நீங்கள் போன பிறகு எனக்குப் போன் செய்து, "அந்தப் பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணுங்க, நான் பேசப் பேச எழுதிக்கிட்டே இருந்துச்சு" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணம் ஆனதிலிருந்து, உன் நாள் எப்படிப் போகிறது, எது கஷ்டமாக இருக்கிறது என்று நான் அவளிடம் உட்கார்ந்து கேட்டதில்லை. நீங்கள் கேட்டீர்கள். அதை இந்தக் கடிதத்தில் எங்கே எழுதுவது என்று தெரியவில்லை, இங்கே எழுதிவிட்டேன்.

இரண்டாவது தடவை வந்தபோது, கேள்வி கேட்கப் போவதில்லை, சும்மா உட்கார்ந்து பார்க்கப் போகிறேன், நான் இல்லாத மாதிரியே நீங்கள் இருங்கள் என்றீர்களாம். எங்கள் கூடம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும். அதில் இல்லாத மாதிரி இருப்பதற்கு எங்களுக்கே இடம் கிடையாது. என் மனைவி சொன்ன சொல் தவற மாட்டாள். உங்களைத் தாண்டித் தாண்டிப் போனாள், உங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ராத்திரிக் காவல் வேலை முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த என் மச்சான் பாதித் தூக்கத்தில் எழுந்து வந்திருக்கிறான். மூலையில் முன்பின் தெரியாத ஒரு பெண் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள், அக்காவோ அவளைக் கண்டுகொள்ளாமல் அவளுக்கு முன்னாலேயே தரையைத் துடைக்கிறாள். அவன் சத்தம் போடாமல் திரும்பிப் போய்ப் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டான். சாயங்காலம் என்னைத் தனியாக அழைத்து, "மாமா, இந்த வீட்டுல முன்னாடி யாராச்சும் செத்துப் போயிருக்காங்களா?" என்று கேட்டான். நான் விஷயத்தைச் சொன்ன பிறகும் அவனுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. பேயாக இருந்திருந்தால் கம்பெனியை மிரட்டி ஒரே நாளில் சுவர் வேலையை முடித்திருக்கும் என்கிறான்.

அன்றைக்கு வாளியை எடுக்க முடியவில்லை. ஜிம்காரருக்கு உடம்பு சரியில்லை என்று லீவு, மதியமே குளித்துவிட்டார். நீங்கள் மாடிப்படி ஏறிவருவது கேட்கிறது, மேலே சொட்ட ஆரம்பித்துவிட்டது. என் மனைவி ஒரு நொடி யோசித்தாள். டிவி மேல் இருந்த பிளாஸ்டிக் பூக்களை அள்ளி வாளியில் செருகிவிட்டாள். பூக்களின் மேல் தண்ணீர் விழுந்ததால் சத்தமும் இல்லை. நீங்கள் அதை போட்டோ எடுத்தீர்கள். அடுத்த மாதம் ஆப்பில் புதிதாக ஒரு பகுதி முளைத்தது, "உங்கள் வீட்டை அழகாக்க எளிய யோசனைகள்." முதல் யோசனையே வாளியில் பூ வைப்பது. கட்டடத்தில் இரண்டு வீடுகளில் வைத்தும்விட்டார்கள்.

அதற்குப் பிறகு வாடிக்கையாளர் தினம் என்று எங்களை ஆபீசுக்கு அழைத்தீர்கள். நான் மட்டும் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தேன். உங்கள் ஆபீஸ் சுவர்களைப் பார்த்தேன். என்ன ஒரு காய்ந்த சுவர். கையை வைத்துப் பார்த்தேன், யாரும் பார்க்கவில்லை. அந்தச் சுவரில்தான் நான்கு பெரிய படங்கள் ஒட்டியிருந்தன. ஆப்பைப் பார்த்துக்கொள்கிற மேலாளர், துணிச் செருப்புப் போட்டிருந்தாரே, மிகவும் இனிமையாகப் பேசினாரே, அவர்தான் விளக்கினார். எத்தனையோ ஆயிரம் குடித்தனங்கள் இருக்கின்றன, ஒவ்வொருவரையும் மனதில் வைத்து வேலை செய்ய முடியாது, அதனால் எல்லோரையும் கேட்டுப் பார்த்து நான்கு மாதிரி வாடிக்கையாளர்களாகப் பிரித்திருக்கிறோம், எந்த முடிவு எடுத்தாலும் இவர்கள் என்ன சொல்வார்கள் என்று எங்களையே கேட்டுக்கொள்வோம் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. முதல் படம் கொதிக்கிற அண்ணன். இரண்டாவது புதுசாகக் குடிவந்த ஜோடி. மூன்றாவது நாய் வளர்க்கிற தனியாள். நான்காவது பொறுமைக் குடும்பம். எங்கிருந்தோ விலைக்கு வாங்கிய படத்தில் ஒரு அப்பா, ஒரு அம்மா, நடுவில் ஒரு பெண் குழந்தை, மூன்று பேருக்கும் அத்தனை பல். கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். குறைகளைத் தாங்களே சமாளித்துக்கொள்வார்கள். அலங்காரத்தில் ஆர்வம் உள்ளவர்கள். வீட்டில் எப்போதும் நல்ல மணம். பயன்படுத்தாத அறை ஒன்று உண்டு. அடிக்கடி சொல்லும் சொல், பரவாயில்லை.

பயன்படுத்தாத அறை. என் பிள்ளை மூச்சுவிட முடியாமல் காலி செய்துவிட்டுப் போன அறைக்கு உங்கள் ஆபீசில் வைத்திருக்கிற பெயர் அது.

உட்கார்ந்துகொள்ளலாம் என்று சுற்றிலும் பார்த்தேன். மேஜையைச் சுற்றி எல்லா நாற்காலியிலும் ஆள். ஒன்று மட்டும் காலியாக இருந்தது. போய் உட்காரப் போனேன். மேலாளர் சட்டென்று என் முழங்கையைப் பிடித்து, மிகவும் இனிமையாகவே, "சாரி சார், அது வாடிக்கையாளருக்கான நாற்காலி" என்றார். ஒவ்வொரு கூட்டத்திலும் அதைக் காலியாக விட்டு வைப்பார்களாம், வாடிக்கையாளர் நம்மோடு உட்கார்ந்திருக்கிறார் என்பது எப்போதும் மறக்காமல் இருக்க. அப்படியானால் நான் யார் என்று கேட்பது போல அவரையே பார்த்தேன். அவருக்கு அப்போதும் உறைக்கவில்லை. உங்களுக்கு உறைத்தது, நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். நான் கடைசிவரை கதவோரமாகச் சாய்ந்து நின்றேன். அங்கேயிருந்துதான் பழுது பார்க்கிற வரிசையைக் கேட்டேன். கொதிக்கிற அண்ணனுக்கு முதலில், ஏனென்றால் அவர் வெளியே போய்க் கம்பெனியைப் பற்றிக் கண்டபடி பேசுவார், வீட்டைக் காலி செய்வார். பொறுமைக் குடும்பத்துக்குக் கடைசியில், அதுவரை அவ்வப்போது நலம் விசாரித்துச் செய்தி அனுப்பினால் போதும். நான் கையைத் தூக்கி, பொறுமைக் குடும்பத்திலிருந்து கொதிக்கிற அண்ணனாக மாறுவதற்கு எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர், அவை மனிதர்கள் இல்லை சார், வகைகள் என்றார்.

சரி, வகைகள் என்றே வைத்துக்கொள்வோம். அந்த வகையைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும், அதில்தான் பிறந்தேன். கொதிக்கிற அண்ணன் ஏன் கொதிக்கிறார்? அவர் காலி செய்தால் அவருக்கு வேறு வீடு கிடைக்கும். கை நிறைய முன்பணம் இருக்கும், போன் செய்தால் வண்டி வரும், வேலைக்கு ஒருநாள் போகாவிட்டால் சம்பளம் பிடிக்க மாட்டார்கள். எங்களுக்கு இந்த வாடகையில் வேறு வீடு இந்த ஊரிலேயே கிடையாது. கத்தினால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்களோ என்று பயம். போக்கிடம் இல்லாதவன் வாயை மூடிக்கொண்டு இருக்கிறான், அதற்கு நீங்கள் பொறுமை என்று பெயர் வைத்துப் படம் ஒட்டியிருக்கிறீர்கள். பயந்தவனைக் கடைசியில் நிறுத்தலாம் என்று எந்தக் கம்பெனியும் எழுதி வைக்காது. பொறுமைசாலியைக் கடைசியில் நிறுத்தலாம் என்று எழுதி வைத்தால் யாருக்கும் உறுத்தாது, கேட்கப் பாராட்டு மாதிரிகூட இருக்கும். இதை அந்தக் கூட்டத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நன்றி சொல்லிவிட்டு, கொடுத்த பிஸ்கட்டையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

நடைவழியில் உங்களைப் பிடித்துச் சண்டை போட்டேன், நினைவிருக்கும். எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து, எங்கள் டீயைக் குடித்துவிட்டு, இப்படிப் பொய் எழுதலாமா என்று கேட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. "நான் பாத்ததத்தானேண்ணா எழுத முடியும்?" என்றீர்கள். எனக்கு அது சாக்காகப் பட்டது. விடவில்லை, உங்கள் வீட்டில் ஒழுகினால் தெரியும், உங்கள் வீடு எப்படி இருக்கிறது என்று கத்தினேன். அதற்கு நீங்கள் சிரித்தமாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "பரவால்லண்ணா" என்றீர்கள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உங்களுக்கே தெரிந்தது போல முகம் மாறிவிட்டது. அந்தச் சொல் எனக்குப் பழக்கமான சொல், தினமும் வீட்டில் கேட்கிறேன். மேற்கொண்டு கேட்கவில்லை. உங்களுக்கும் ஒப்பந்த வேலைதான் என்று வாசலில் இருந்த காவலாளி பிறகு சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். நீங்கள் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறீர்கள். காலண்டரைப் பார்த்தீர்கள், பூவைப் பார்த்தீர்கள், வாசனையை முகர்ந்தீர்கள். ஒன்றையும் நீங்களாகக் கட்டவில்லை, எல்லாம் எங்கள் வீட்டுத் தயாரிப்பு. அந்தக் கோபத்தோடு வீட்டுக்குள் நுழைந்து என் மனைவியைப் பிடித்துக்கொண்டேன். ஒழுகுகிற வீட்டைப் பார்க்க வருகிறவளிடம் ஒழுகாத வீட்டைக் காட்டினால் எவன் வந்து பழுது பார்ப்பான், நீயே உன் பிள்ளையை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறாய் என்று அந்த வார்த்தை வரைக்கும் போய்விட்டேன். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அந்தப் பொண்ணு என்னை அக்கான்னு கூப்பிட்டுக்கிட்டு உள்ள வருது. அது முன்னாடி பூசணத்தையும் வாளியையும் பரப்பி வச்சு, பாரும்மா நாங்க இப்படித்தான் கிடக்கறோம்னு காட்டச் சொல்றீங்களா? சுவர் ஒழுகறதை நான் தாங்கிக்குவேன். அது என்னைப் பாத்து ஐயோ பாவம்னு மூஞ்சிய வச்சுக்கிட்டா, அதை நான் எந்த வாளியில பிடிக்கறது?"

அவள் மடித்திருந்த துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினேன். அடுக்கி முடித்ததும் அவளே, இனிமேல் யார் வந்தாலும் எதையும் துடைக்க மாட்டேன் என்றாள். சொன்னபடியே செய்துவிட்டாள். காலண்டரைக் கழற்றினாள். அலமாரியைப் பழைய இடத்துக்குத் தள்ளினோம். பூக்களைக் கழுவி டிவி மேலே வைத்தாயிற்று. இப்போது எங்கள் வீடு உள்ளபடி இருக்கிறது, பார்க்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஒன்று மட்டும் புரிகிறது தங்கச்சி. சொல்லிவிட்டு வருகிறவர்கள் யாரும் எந்த வீட்டையும் பார்க்க முடியாது. சுத்தம் செய்து வைத்ததைத்தான் பார்ப்பீர்கள். மானம் இருக்கிற மனுஷன் தன் கஷ்டத்தைக் கூடத்தில் வைத்திருக்க மாட்டான், கதவுக்குப் பின்னால்தான் வைத்திருப்பான். அவனைப் போய்ப் பொறுமை என்றும் பரவாயில்லை என்றும் எழுதிக்கொள்வதற்கு முன்னால், அந்தக் கதவைக் கொஞ்சம் தள்ளிப் பார்க்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை அந்த நான்காவது படத்தில் ஒரு வரியை மாற்றுங்கள். பயன்படுத்தாத அறை என்பதை அடித்துவிட்டு, பிள்ளை காலி செய்த அறை என்று எழுதுங்கள். கொதிக்கிற அண்ணனுக்கு முன்னால் எங்களை நிறுத்த வேண்டாம், அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கும். ஆனால் யார் அதிகம் கத்துகிறார்கள் என்று பார்த்து வரிசை போடாமல், யார் வீட்டில் யாருக்கு மூச்சு முட்டுகிறது என்று பார்த்துப் போடுங்கள். ஒரு கொத்தனாரையும் ஒரு குழாய்க்காரரையும் அனுப்புங்கள். அவர்கள் எங்கள் அனுபவத்தைக் கேட்க வேண்டியதில்லை.

மேலாளர் அவர்களுக்கு என் வணக்கம். சத்தம் அளந்தவருக்கும் வணக்கம், அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார். உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் அன்பு. நீங்கள் ஒப்பந்தத்திலிருந்து நிரந்தரமாகி, கண்ணாடி உடையாத போனும் ஒழுகாத வீடும் கிடைத்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று என் மனைவி வாழ்த்தச் சொன்னாள். மச்சானும் விசாரித்தான், நீங்கள் மனுஷிதான் என்று இப்போது ஒப்புக்கொள்கிறான்.

இப்படிக்கு,
பொறுமை இல்லாத
மூன்றாவது மாடிக்காரன்

பின்குறிப்பு: மேலே இருக்கிற எதையும் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம். கடிதத்தைக் கவரில் போடப் போகும்போது என் மனைவி வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "இது நீங்க எழுதுனது இல்லையே" என்றாள். இல்லைதான். முதலில் எழுதியது மகள் அறையில், அவளுடைய மேஜையில் வைத்து. அதில் உங்களை நீ என்றுதான் எழுதியிருந்தேன். மேலாளரை என்னென்னவோ எழுதியிருந்தேன். நடுப் பக்கத்தில் மேலேயிருந்து சொட்டு விழுந்து, போக்கிடம் இல்லை என்கிற இடம் முழுக்க மை கரைந்து போயிற்று. தாளெல்லாம் நமத்து, பூசண நாற்றம். இதைப் போய் ஒரு ஆபீசுக்கு அனுப்புவதா என்று அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, வேலை செய்கிற இடத்துக்குப் போய் உலர்த்தும் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கெட்ட வார்த்தைகளை எடுத்து, மரியாதை போட்டு, புதுத் தாளில் நிறுத்தி எழுதினேன். மடிப்பு விழக் கூடாது என்று விரிப்புகளுக்கு நடுவில் வைத்து இஸ்திரிகூடப் போட்டேன். கையில் வைத்துப் பாருங்கள், எவ்வளவு மொறமொறப்பு. "என்னமோ என்னைச் சொன்னீங்களே?" என்றாள் அவள். ரொம்ப நேரம் சிரித்தாள். பிறகு கூடையில் கிடந்ததை எடுத்து, நீவிக்கூட விடாமல், அப்படியே கவருக்குள் திணித்துவிட்டாள்.

அதனால தங்கச்சி, ரெண்டும் இருக்கு. இந்தக் காஞ்ச தாளை ஃபைல்ல வச்சுக்கோ. அந்த ஈரத் தாளை யாரும் படிக்க வேணாம், படிக்கவும் முடியாது. வெள்ளிக்கிழமை அந்தக் காலி நாற்காலியில அதை விரிச்சுப் போட்டுட்டு, ஜன்னலையும் கதவையும் நல்லா சாத்திட்டு, எல்லாரும் கூட்டத்தை நடத்துங்க.